ரோஸ்வுட் ஜம்போவா, சின்ன மஹோகனியா? 12 கம்பி கிட்டார் வாங்கப் போகிறேன்

பாளை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பதினாறு வருடமாக ஒரே ஆறு கம்பி ட்ரெட்நாட்டை (வழக்கமான பெரிய உடம்பு கிட்டார்) வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். குழுவில் கீபோர்டு, தபலா, பாடுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். இப்போது கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. நெடுநாள் ஆசை ஒரு 12 கம்பி கிட்டார். போன சனிக்கிழமை மதுரையில் ஒரு கடைக்குப் போனேன்.

இரண்டு இருந்தன. ஒன்று ஜம்போ. அகலமே 17 அங்குலம், முதுகும் பக்கமும் ரோஸ்வுட். இன்னொன்று சின்ன உடம்பு. நெக், அதாவது கழுத்து, 12-வது ஃப்ரெட்டிலேயே (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) பாடியோடு சேர்ந்துவிடுகிறது, முதுகும் பக்கமும் மஹோகனி. இரண்டுக்கும் டாப், அதாவது முன்பலகை, ஸ்ப்ரூஸ் மரம்தான். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஜம்போவில் ஒரு ஜி கார்டு அடித்தேன். கடையில் ஹார்மோனியம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். சின்னதில் அதே கார்டு தெளிவாக இருந்தது, ஆனால் யாரோ ஜன்னலைச் சாத்திவிட்ட மாதிரி. கடைக்காரர் “ரோஸ்வுட்னா அப்படித்தான் மேடம், மஹோகனில அந்தச் சத்தம் வராது” என்றார். நிஜமாகவே மரத்தால்தானா? அளவால் வருவது எவ்வளவு, மரத்தால் வருவது எவ்வளவு என்று யாராவது சொல்ல முடியுமா?

இன்னொன்று. நான் ஐந்தடி ஒரு அங்குலம். ஜம்போவை மடியில் வைத்தால் வலது தோள் காதுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. சத்தத்துக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாமா?

ஜம்போ ஜெய்:

யோசிக்கவே வேண்டாம் மேடம், ஜம்போதான். 12 கம்பி என்றாலே பெரிய உடம்பு, ரோஸ்வுட். கில்டு கம்பெனியின் எஃப்-512 பலருக்கும் கனவு கிட்டார். அதுவும் 17 அங்குல ஜம்போ, அதுவும் ரோஸ்வுட். சும்மாவா அப்படிச் செய்தார்கள்? சின்ன பாடியில் 12 கம்பி மாட்டுவது ஷேர் ஆட்டோவில் கல்யாணக் கூட்டத்தை ஏற்றுகிற மாதிரி. தோள் வலித்தால் ஸ்ட்ராப் மாட்டி நின்றுகொண்டு வாசியுங்கள்.

பட்டறைக்காரன்:

டீச்சர், நான் பெரம்பூரில் இருபத்தெட்டு வருடமாகக் கிட்டார் பழுது பார்க்கிறவன். 12 கம்பி என் மேசைக்கு வந்தால் அன்றைக்கு மற்ற வேலை நடக்காது. அவ்வளவு பிடிக்கும், அவ்வளவு தொல்லையும்.

நீங்கள் கடையில் அளவையும் மரத்தையும் ஒரே சமயத்தில் மாற்றிக் கேட்டிருக்கிறீர்கள். காதில் விழுந்த வித்தியாசம் முழுவதையும் கடைக்காரர் மரத்தின் கணக்கில் எழுதிவிட்டார். என்னைக் கேட்டால் அதில் பெரும்பங்கு அளவின் கணக்கில் போக வேண்டியது.

கிட்டார் பெட்டிக்குள் அடைந்திருக்கும் காற்றுக்கு ஒரு சொந்தச் சுருதி உண்டு. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று வருமே, அதே சமாச்சாரம். பெட்டி பெரிதானால் அந்தச் சுருதி இறங்கும், சிறிதானால் ஏறும். ட்ரெட்நாட்டில் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ். உங்கள் ஆறாம் கம்பியைத் திறந்து மீட்டினால் 82 ஹெர்ட்ஸ். பெரிய பெட்டியே அந்தக் கம்பிக்குக் கொஞ்சம் எட்டி நின்றுதான் கை கொடுக்கிறது. சின்னப் பெட்டி இன்னும் மேலே நிற்பதால் அடிநாதம் மெலிந்து, மேலே இருக்கிறவை மட்டும் துலக்கமாகக் கேட்கும். ஜன்னலைச் சாத்திய மாதிரி என்றீர்களே, அந்த ஜன்னல் இதுதான்.

நம்பிக்கை இல்லையென்றால் வீட்டிலேயே பாருங்கள். உங்கள் ட்ரெட்நாட்டின் சவுண்ட் ஹோலை, அதாவது டாப்பில் இருக்கும் ஓட்டையை, ஒரு அட்டையால் முக்கால்வாசி மூடிவிட்டு அதே ஜி கார்டை அடியுங்கள். சத்தத்தின் அடிப்பகுதி கழன்றுவிடும். மரமும் மாறவில்லை, கம்பியும் மாறவில்லை.

12 கம்பியில் இது ஏன் இன்னும் முக்கியம் என்று சொல்கிறேன். கீழ்நாதம் தரும் நான்கு கம்பிகளுக்கும் துணையாக ஒரு ஸ்தாயி மேலே ஒவ்வொரு மெல்லிய கம்பி இருக்கிறது. மெலிதான முதல் இரண்டு ஜோடிக்கு ஒரே சுருதியில் இரண்டிரண்டு. இதில் மிக உயர்ந்த சுருதி எந்தக் கம்பிக்கு என்று கேட்டால் எல்லோரும் முதல் ஜோடியைத் தொட்டுக் காட்டுவார்கள். இல்லை. மூன்றாம் ஜோடியில் ஒளிந்திருக்கும் மெல்லிய ஜி கம்பிதான். முதல் ஜோடி 330 ஹெர்ட்ஸ், இது 392. கார்டின் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் மேலே கத்துகிறது. 12 கம்பியின் அந்தக் கோயில் மணிச் சத்தத்தில் பெரும்பங்கு இவனுடையது. இந்த மணி ரோஸ்வுட்டிலும் கேட்கும், மஹோகனியிலும் கேட்கும், ப்ளைவுட்டிலும் கேட்கும். மணிக்கு அடியில் எவ்வளவு இடி வேண்டும் என்பதைத்தான் பெட்டி முடிவு செய்கிறது.

இப்போது மரத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள், 2018-ல் வெளிவந்தது. ஆறு கிட்டார்கள், எல்லாம் ஒரே கை செய்தவை, ஒரே அளவு. முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலே, வால்நட். மங்கலான வெளிச்சம், கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி, 52 கிட்டார்க்காரர்கள் வாசித்து மதிப்பெண் போட்டார்கள். விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உள்ள மரங்கள், மதிப்பெண்ணில் கிட்டத்தட்ட ஒன்றாகவே நின்றன. அவை ஆறு கம்பிகள்தான். ஆனால் 12 கம்பியில் வித்தியாசம் கூடும் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. 1862-லேயே ஸ்பெயினில் டோரஸ் என்ற கிட்டார் ஆசாரி முதுகையும் பக்கத்தையும் காகிதக் கூழில் செய்து, டாப்பை மட்டும் ஸ்ப்ரூஸில் வைத்துக் காட்டிவிட்டார்.

மரத்துக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன், என் தொழிலுக்கே ஆகாது. ஈட்டி, அதாவது ரோஸ்வுட் பலகையை ஒரு மூலையில் பிடித்துத் தொங்கவிட்டு விரலால் தட்டினால் தாம்பாளம் மாதிரி நின்று கேட்கும். மஹோகனி ‘டொக்’ என்று சொல்லிவிட்டு அடங்கும். கட்டி முடித்த கிட்டாரில் அதன் சாயல் கொஞ்சம் இருக்கும். எனக்கு என்னவோ 12 கம்பிக்கு அந்த அடக்கம் பிடிக்கும். ஏற்கெனவே பன்னிரண்டு பேர் பேசும் வீட்டில் சுவரும் சேர்ந்து பேச வேண்டாம் என்று தோன்றும். இது என் ருசி, அவ்வளவுதான்.

உங்கள் குழுவில் கீபோர்டு இருக்கிறது. அவர் இடது கையில் பேஸ் வாசிக்கிறாரா? ஆமாம் என்றால் ஜம்போவின் இடியும் அவருடைய இடது கையும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். கடையில் கேட்ட கடல் சத்தம் கோயிலில் வெறும் கூழாகிவிடும். சின்னது அந்தச் சண்டைக்கே போகாது.

கூடலூரான்:

ரோஸ்வுட் என்றதும் எட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கம் ஈட்டி என்போம், தோதகத்தி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1994-ல் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி நம் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாமல் இருந்தது. எங்கள் பாட்டி வீட்டு வாசற்படி ஈட்டி. அதை மிதிக்கும்போதெல்லாம் இப்போது ஒரு கிட்டாரை மிதிப்பதாகத் தோன்றுகிறது.

அமெரிக்க மார்ட்டின் கம்பெனி 1969 வாக்கில் பிரேசில் ரோஸ்வுட்டிலிருந்து இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது என்று படித்திருக்கிறேன். அங்கே மரம் கிடைக்காமல் போனதால்தான் மாறினார்கள், சத்தம் நன்றாக இருக்கிறது என்று இல்லை. இன்றைக்கு அதே இந்திய மரம்தான் ‘ரோஸ்வுட் சத்தம்’ என்று பேர் வாங்கியிருக்கிறது. பட்டறைக்காரர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

ஜம்போ ஜெய்:

சரி சார், ஒப்புக்கொள்கிறேன், அளவுதான் முக்கியம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இத்தனை கம்பெனிகள் 12 கம்பியை ஏன் ஜம்போவாகவும் ட்ரெட்நாட்டாகவும் செய்கின்றன? அவர்களுக்குக் காது இல்லையா?

பட்டறைக்காரன்:

நல்ல கேள்வி ஜெய். பதில் கம்பியில் இருக்கிறது. ஆறு கம்பி லைட் செட்டில் ஆறாம் கம்பி 53, அதாவது 0.053 அங்குலம். 12 கம்பி லைட் செட்டில் அதே கம்பி பொதுவாக 47. இழுவை தாங்காது என்று எல்லாவற்றையும் மெலிதாக்கிவிட்டார்கள். அப்படி மெலிதாக்கியும் ஆறு கம்பி செட் சுமார் 70 கிலோ இழுத்தால் 12 கம்பி செட் 110 கிலோவுக்கு இழுக்கிறது. அதைத் தாங்க டாப்புக்கு அடியில் குச்சிகளை கனமாக ஒட்ட வேண்டும். கம்பியும் மெலிவு, டாப்பும் விறைப்பு, அடிநாதம் எங்கிருந்து வரும்? அதனால் பெட்டியைப் பெரிதாக்கினார்கள். தனியாக ஒருவர் உட்கார்ந்து பாடி வாசிக்க அது மிகச் சரியான முடிவு. நானும் வீட்டில் தனியாக வாசிக்க ஜம்போவைத்தான் எடுப்பேன்.

சுருதியை இறக்கி வாசிக்கிறவர்களுக்கும் பெரிய பெட்டி வேண்டும். அந்தக் கால அமெரிக்கப் பாடகர் லெட் பெல்லி தன் ஸ்டெல்லா 12 கம்பியை இரண்டு, இரண்டரைக் கட்டை (ஒரு கட்டை என்றால் இரண்டு ஃப்ரெட் தூரம்) கீழே இறக்கி வைத்திருந்தார். பியானோவின் இடது பக்கம் மாதிரி உருண்டு வரும். அந்தக் காலத்து ஸ்டெல்லாக்கள் நியூஜெர்ஸியில் செய்த மலிவு விலை கிட்டார்கள். பலவும் பிர்ச் மரம், ரோஸ்வுட் வாசனையே கிடையாது. கம்பிகள் பிரிட்ஜை (டாப்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) தாண்டிப் போய் வால்பட்டையில் மாட்டியிருக்கும். லியோ காட்கி என்ற அமெரிக்கக் கிட்டார்க்காரர் ஒன்றரைக் கட்டை இறக்குவார். அவர் பெயரில் டெய்லர் கம்பெனி 1990-ல் கொண்டுவந்த 12 கம்பியைப் பாருங்கள். பெட்டி ஜம்போ, மரம் மஹோகனி. மார்ட்டின் 1964-ல் விட்ட டி12-20-யும் மஹோகனிதான், நெக் சேருவதும் 12-வது ஃப்ரெட்டில்தான். 12 கம்பி என்றாலே ரோஸ்வுட் என்று அவர்கள் யாரும் நினைக்கவில்லை.

உங்கள் கில்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்-512 ரோஸ்வுட், எஃப்-412 மேப்பிள், இரண்டும் 17 அங்குல ஜம்போ. 412 பளிச்சென்று வெட்டிப் பேசும், 512 சுற்றி வளைத்துப் பேசும். “பார்த்தாயா, மரம்” என்று என்னிடமே வாதாடியவர்கள் உண்டு. ஆனால் 412-இன் முதுகு வளைத்து அழுத்திய பலகை, 512-க்கு அப்படி இல்லை. அங்கேயும் இரண்டு விஷயம் ஒரே சமயத்தில் மாறுகிறது.

டீச்சர், நீங்கள் பார்த்த சின்னதில் நெக் 12-வது ஃப்ரெட்டில் சேருகிறது என்றீர்கள். அது நல்ல சேதி. நெக் அப்படிச் சேர்ந்தால் பிரிட்ஜ் டாப்பின் நடுப்பக்கம் நகர்ந்துவிடும். தவிலின் ஓரத்தில் தட்டாமல் நடுவில் தட்டுவது போல. அளவில் போன கனத்தில் கொஞ்சம் அங்கே திரும்பக் கிடைக்கும்.

பாளை டீச்சர்:

அண்ணாச்சி, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. அட்டை சோதனையைச் செய்து பார்த்தேன். என் பையன் ஓடி வந்து “கிட்டார் உடைஞ்சிருச்சாம்மா?” என்று கேட்டான். கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கு இடது கை ரொம்பவே கனம், நீங்கள் சொன்னது அப்படியே அவன்தான்.

அடுத்த வாரம் திரும்பவும் மதுரை போகிறேன். கடையில் என்ன பார்க்க வேண்டும்? எனக்கு வாசிக்கத் தெரியுமே தவிர கிட்டாரின் உள்விவகாரம் ஒன்றும் தெரியாது. 110 கிலோ என்றதும் பயமாகவும் இருக்கிறது.

பட்டறைக்காரன்:

பயம் நல்லதுதான். எனக்கு அது இல்லாமல் போனதால் ஒரு கிட்டாரே போச்சு. 1999 மே மாதம், என் முதல் 12 கம்பி. புத்திசாலித்தனமாக ஆறு கம்பியின் மீடியம் செட்டை வாங்கி, ஸ்தாயிக் கம்பிகளைத் தனியாகச் சேர்த்து மாட்டி, முழுச் சுருதியில் இழுத்துச் சுவரில் தொங்கவிட்டேன். கனமான கம்பி, கனமான சத்தம் என்று நினைப்பு. நான்காவது நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். எழுந்து விளக்கைப் போட்டால், பிரிட்ஜ் டாப்பிலிருந்து ஒரு சீவலையும் பிய்த்துக்கொண்டு கம்பிகளின் நடுவில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அம்மா சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்து அடுப்படிக்கு ஓடினார்.

அதனால் கடையில் முதலில் பிரிட்ஜைப் பாருங்கள். ஒரு பஸ் டிக்கெட்டை பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் அந்தக் கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள். பிறகு பிரிட்ஜுக்குப் பின்னால் டாப்பின் மேல் ஒரு இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். லேசான மேடு இருக்கலாம், 12 கம்பிக்கு அது சகஜம். பிரிட்ஜுக்கு முன்னால் சவுண்ட் ஹோல் பக்கம் பள்ளம் விழுந்திருந்தால் வேண்டாம். அடுத்து நீளமான ஸ்கேலை நெக்கில் ஃப்ரெட்டுகளின் மேல் படுக்கவைத்து நீட்டினால் அதன் நுனி பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். கீழே போய் பிரிட்ஜின் முகத்தில் இடித்தால் நெக் ஏற்கெனவே சாய்ந்துவிட்டது. அந்த வைத்தியம் செலவு பிடிக்கும். நான் செய்வேன், ஆனால் புதுக் கிட்டாருக்கு எதற்கு?

சவுண்ட் ஹோலின் விளிம்பைக் கிட்டே வைத்துப் பாருங்கள். டாப்பின் மேலே தெரியும் கோடுகள் விளிம்பில் அப்படியே கீழே இறங்கினால் சாலிட், அதாவது ஒரே பலகை. பிஸ்கட் மாதிரி அடுக்கு தெரிந்தால் ப்ளை, ஒட்டுப்பலகை. காசு கொடுக்க வேண்டியது இங்கேதான். சாலிட் ஸ்ப்ரூஸ் டாப், முதுகு எதுவானாலும் பரவாயில்லை. சாலிட் ரோஸ்வுட் முதுகும் ப்ளை டாப்பும் என்று ஒன்றை யாராவது விற்றால் எனக்கும் சொல்லுங்கள், வேடிக்கை பார்க்க வருகிறேன்.

கொஞ்சம் வெட்கம் விட்டால் இன்னொரு சோதனை. சவுண்ட் ஹோலுக்குள் குனிந்து கீழ்ச்சுருதியில் ‘ம்...’ என்று தொடங்கி மெல்ல மேலே போங்கள். ஓரிடத்தில் பெட்டியும் கூடவே முனகும், கையில் அதிரும். அதுதான் அதன் மூச்சு. உங்கள் குரலுக்கு அவ்வளவு கீழே எட்டாது என்றால் கூட வருகிற ஆம்பளை யாரையாவது முனகச் சொல்லுங்கள். என்னிடம் உள்ள ஜம்போ ஜி-க்குக் கொஞ்சம் கீழே முனகும், சின்னது ஏ-யைத் தாண்டித்தான் வாய் திறக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நான் இத்தனை பத்தி எழுதியது வீண் என்று தெரிந்துவிடும்.

நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டை) அகலத்தையும் பாருங்கள். 12 கம்பிக்கு 47, 48 மில்லிமீட்டர் இருந்தால் விரல் சுகமாக விழும். உங்கள் ட்ரெட்நாட் 43 பக்கம் இருக்கும், அதனால் முதல் ஒரு வாரம் கை எங்கோ அந்நியர் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும்.

வாங்கிய பிறகு அரைக் கட்டை இறக்கியே வையுங்கள். இழுவையில் நூற்றுக்குப் பதினொன்று குறையும், ஒரு கட்டை இறக்கினால் இருபது. பாட்டுக்குத் தேவையான இடத்தில் கேப்போ (கம்பிகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுக்கொள்ளலாம். இறக்கினால் சின்னப் பெட்டிக்குக் கீழ்ப்பக்கம் இன்னும் எட்டாதே என்று ஜெய் கேட்பார். ஆமாம், எட்டாது. ஆனால் விறைப்பு குறைந்து டாப் கொஞ்சம் தாராளமாக ஆடும், கைக்கும் இலகு. நான் அந்தப் பேரத்துக்குச் சம்மதிப்பேன்.

தோளைப் பற்றிக் கேட்டீர்களே. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தோள் காதுக்குப் போகிற கிட்டாரை மூன்று மாதத்தில் உறையிலிருந்து எடுக்கவே மாட்டீர்கள். அப்படி உறையிலேயே தூங்கிய ஜம்போக்கள் என் பட்டறையில் விற்பனைக்கு எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும்.

ஜம்போ ஜெய்:

அந்த ஒன்றிரண்டில் ரோஸ்வுட் இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள் சார்.

பாளை டீச்சர்:

போய்விட்டு வந்தேன். கூட வந்தது தபலா வாசிக்கும் அண்ணன். அவரை ஜம்போவுக்குள் முனகச் சொன்னேன். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார், ஏதாவது பூஜை செய்கிறோமோ என்று. முனகல் ஜம்போவில் நெஞ்சில் அதிர்ந்தது, சின்னதில் தொண்டையில்தான். பிறகு கடைக்காரரே ஆர்வமாகிக் கடையில் இருந்த ஆறு கம்பிகளுக்குள்ளெல்லாம் முனகிப் பார்த்தார்.

ஜம்போவின் பிரிட்ஜுக்கு அடியில் டிக்கெட் போனது, பாதி. சின்னதில் போகவில்லை. ஸ்கேல் நுனி பிரிட்ஜின் மேலேயே நின்றது. டாப் சாலிட். சின்னதையே வாங்கிவிட்டேன்.

நேற்றுப் பயிற்சியில் அரைக் கட்டை இறக்கி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு வாசித்தேன். கீபோர்டு தம்பி இரண்டாவது பாட்டில் வாசிப்பதை நிறுத்திவிட்டு “அக்கா, யாரோ மேலே சலங்கை கட்டிட்டு நடக்கிற மாதிரி இருக்கு” என்றான். அவன் இடது கை மட்டும் குறையவில்லை. பரவாயில்லை, இப்போது இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது ஜம்போவின் அந்தக் கடல் நினைவுக்கு வரத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

அண்ணாச்சி, நட்டநடுவில் உட்கார்ந்து கத்துகிறவன் என்றீர்களே, அந்த மூன்றாம் ஜோடி மெல்லிய கம்பி மதுரையிலிருந்து வரும் வழியில் கோவில்பட்டி தாண்டும்போதே உறைக்குள் ‘டிங்’ என்று அறுந்துவிட்டது. இப்போது அதிலேயே நான்கு வாங்கி வைத்திருக்கிறேன். போதுமா?

பட்டறைக்காரன்:

ஆறு வாங்குங்கள்.